பத்து நாளைக்குத்தான்

ஏலிம் இல்லத்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால், வருகிறவர் முகத்தை இன்பமணி முதலில் பார்க்க மாட்டாள். வண்டியிலிருந்து என்ன இறங்குகிறது என்றுதான் பார்ப்பாள்.

பாளையங்கோட்டையின் தெற்கு ஓரத்தில் இருக்கிற அந்த முதியோர் இல்லத்தில் அவள் வார்டனாக இருந்த காலமெல்லாம் இதுதான் வழக்கம். துணிப்பை இறங்கினால் ஒரு கதை, டிரங்குப் பெட்டி இறங்கினால் வேறு கதை. கட்டிலோ பீரோவோ இறங்கிவிட்டால் அந்த ஆள் இனி திரும்பிப் போகப் போவதில்லை என்று அர்த்தம். அவள் கணிப்பு பெரும்பாலும் தப்பாது. சொந்த விஷயத்தில்தான் கொஞ்சம் தடுமாறிவிட்டது.

இன்பமணிக்கு முக்கூடல் பக்கம். புருஷன் ஹெப்ரான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மஞ்சள் காமாலையில் அவன் போனபோது மகள் எப்சிக்கு ஒன்றாம் வகுப்புப் பிராயம். ஊர்க் கோயில் பாதிரியாரை அங்கே ஐயர் என்பார்கள். அந்த ஐயர் சொல்லியனுப்பித்தான் இன்பமணி ஏலிம் இல்லத்துச் சமையற்கட்டில் எடுபிடி வேலைக்கு வந்து சேர்ந்தாள். அவளோடு வந்தது ஒரு பிள்ளையும் ஒரு தேக்கு பீரோவும். பீரோ கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா செய்து கொடுத்தது. மனுஷர் மகளுக்குச் செய்கிறோம் என்ற வேகத்தில் கொஞ்சம் பெரிதாகவே செய்துவிட்டார். சமையற்கட்டுக்குப் பின்னால் கொடுத்த அறைக்குள் அது நுழையவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு வாசற்கதவைக் கழற்றி உள்ளே தள்ளினார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்போதைய வார்டன், இவ சீக்கிரத்தில போறவ இல்ல என்று சொன்னாளாம். பெட்டி படுக்கையைப் பார்த்து ஆளை அளக்கிற வித்தையை இன்பமணி கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். பின்னாளில் அவளே வார்டனானபோது அது கைகொடுத்தது.

இல்லத்தைத் தொடங்கியது கடல் கடந்து வந்த ஒரு மிஷனரி அம்மாள். கல்யாணமே செய்துகொள்ளாமல் ஊர் ஊராக நடந்து வேதம் சொன்ன பெண்களுக்கும், போர்டிங் பள்ளியிலேயே ஆயுசைக் கழித்த டீச்சர்களுக்கும் வயதான காலத்தில் ஒரு கூரை வேண்டும் என்று தொடங்கியது. இன்பமணி வந்து சேர்ந்தபோது அந்த வரிசையில் கடைசி ஆட்கள் இருந்தார்கள். வெள்ளைச் சேலை, தகரப் பெட்டி, அதற்குள் ஒரு பைபிள், ஒரு பாட்டுப் புத்தகம். அவர்கள் யாரும் அழுது இன்பமணி பார்த்ததில்லை. அவர்களுக்கு அது ரிட்டயர்மென்ட், அவ்வளவுதான். எப்சிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததும் தலை பின்னிவிட்டதும் அவர்கள்தான். ஒரு பிள்ளைக்கு அத்தனை டீச்சர்கள் இருந்தால் என்ன ஆகும்? அதுவும் டீச்சராகத்தான் ஆகும், எப்சியும் ஆனாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் துணிப்பைக்காரர்கள். பெரும்பாலும் விதவைகள். மகனோ மருமகனோ கொண்டுவந்து விடுவார். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், பத்து நாளைக்குத்தான், பிறகு வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்பார். அம்மா தலையாட்டுவாள். துணிப்பைக்குள் இரண்டு சேலை இருக்கும். அந்த வீடுகளுக்கெல்லாம் இன்னும் வெள்ளையடித்து முடியவில்லை. ஆனால் இன்பமணி ஒருநாளும் அந்தப் பொய்யை உடைத்ததில்லை. பத்து நாளைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தவளிடம் முருங்கைக்கீரையைக் கொடுத்து, இத ஆஞ்சு தாங்கம்மா, ஆள் பத்தல என்பாள். வேலை செய்யும்போது அழுகை கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்பது அவள் கண்ட அனுபவம். பத்து நாள் என்பது அந்த இல்லத்தில் ஒரு அளவாகவே ஆகிப்போயிற்று. பல வருஷமாக இருப்பவரைப் பார்த்து, இவங்க பத்து நாளைக்கு வந்தவங்க என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

பிறகு சூட்கேஸ் காலம் வந்தது. ஏர்லைன்ஸ் சீட்டு தொங்குகிற பெரிய சூட்கேஸ்கள். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். வீடு பெரிதாக இருந்தது, பார்க்க ஆள் இல்லை. மேலப்பாளையத்து ஷரீபா பீவி வந்தது அந்தக் காலத்தில்தான். மகன் அலி அஸ்கர் ஷார்ஜாவில். பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்கக் கிடந்த பிறகு அவளே மகனுக்குப் போன் போட்டு, எனக்கு ஆள் சத்தம் கேக்குற இடம் வேணும் என்றாளாம். சூட்கேஸின் மேலே தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கிறிஸ்தவ இல்லமாச்சே என்று யாரோ இழுத்தபோது, உங்க ஆண்டவரு சுத்தமாப் பெருக்கித் தொடைக்காரா இல்லியா, எனக்கு அதுதான் வேணும் என்று முடித்துவிட்டாள்.

அப்புறம் தானாக வருகிறவர்கள் தொடங்கினார்கள். இதுதான் இன்பமணிக்கே புதுசு. விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற கிருபைராஜ், மனைவி இறந்த மறு வருஷம் ஒரு நாள் காலையில் ஆட்டோ டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்து நின்றார். ஆட்டோவின் பின்னால் அவருடைய சைக்கிள் கட்டியிருந்தது. அவருக்குப் பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் மகன் வந்து, எங்கள ஊர்ல தலை நிமிர விடமாட்டேங்கியப்பா என்று வாசலில் நின்று அழுதான். அதுவரை அந்த வாசலில் அழுததெல்லாம் பெற்றவர்கள். முதல் தடவையாக ஒரு பிள்ளை அழுதான். இன்பமணி அவனுக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாள். சைக்கிள் இறங்கிவிட்டதால் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது அதுவும் மாறிவிட்டது. முடிகிற மட்டும் வீட்டிலேயே இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் இருக்கிறாள், சுவரில் கேமரா இருக்கிறது. இனி முடியாது என்ற நிலையில்தான் இல்லத்துக்கு வருகிறார்கள். வண்டியிலிருந்து வாக்கரும் காற்றடைத்த மெத்தையும் இறங்குகின்றன. முன்பு நடந்து வந்து கீரை ஆய்ந்தார்கள், இப்போது தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது என்று இன்பமணி ஒரு கமிட்டிக் கூட்டத்தில் சொன்னாள். அதன் பிறகுதான் சறுக்குப்பாதையும் கைப்பிடிக் கம்பிகளும் வைத்தார்கள். ஆனால் இடம் கேட்கிறவர்கள் குறையவில்லை. முன்பெல்லாம் காதோடு காதாக விசாரித்தவர்கள், இப்போது கல்யாண வீட்டுப் பந்தியிலேயே இடம் இருக்கா என்று கேட்கிறார்கள்.

மாறாத ஒன்று உண்டென்றால் அது பிரியாணி. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தநாளோ, கல்யாண நாளோ, இறந்தவர் நினைவு நாளோ வந்தால் ஏலிம் இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்பது எழுதாத சட்டம். வேனில் வந்து இறங்குவார்கள். இல்லத்தார் ஹாலில் வரிசையாக நாற்காலியில் உட்கார வேண்டும். பாட்டு, ஜெபம், போட்டோ, அப்புறம் சாப்பாடு. பாதிப்பேருக்குச் சர்க்கரை, மீதிப்பேருக்குப் பல் இல்லை. இருந்தாலும் யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. பதிலுக்கு இவர்கள் அந்தக் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு துறை உண்டு. ஒரு டீச்சரம்மா அரியர் பரீட்சைக்கு, இன்னொருவர் குழந்தை வரத்துக்கு. விசா விஷயம் என்றால் ஷரீபா பீவிதான். மகன் வளைகுடாவில் இருப்பதால் அவள் துஆ கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது.

கையில் ஒரு பையும் கொடுப்பார்கள். ஊரில் எத்தனை சபை இருந்தாலும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றேதான். ஒரு சோப்பு, ஒரு துண்டு, ஒரு பிளாஸ்டிக் மக். குளிக்கிற வசதி இல்லாமல்தான் இவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்போல. கிருபைராஜ் அந்த மக்குகளின் அடியில் துளை போட்டு, மண் நிரப்பி, வராந்தா நெடுக மல்லிக்கீரை வளர்த்தார்.

ஷரீபா பீவி வந்த புதிதில் அந்த வரிசையில் உட்கார மாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நோன்புக்குத் தெருவே வந்து கஞ்சி வாங்கிப்போன வீடு அவளுடையது, ஒருத்தர் கையால் வாங்கித் தின்னவா இங்கே வந்தேன் என்றாள். இன்பமணி கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பேசினாள்.

"நீங்க கஞ்சி ஊத்தும்போது வாங்க வந்தவங்கள எளக்காரமாவா பாத்தீங்க?"

உள்ளேயிருந்து, இல்லை என்று சத்தம் வந்தது.

"அப்ப இவங்களும் அப்படிப் பாக்க மாட்டாங்க. உக்காருததுல ஒரு குறைச்சலும் இல்ல. வெளிய வாங்க பீவி, பிரியாணி ஆறுது."

ஷரீபா பீவி வந்து உட்கார்ந்தாள். அதே வார்த்தையை இன்பமணி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

இனி எப்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளைக் கிழவிமார் வீட்டுப் பிள்ள என்று கூப்பிட்டார்கள். சண்டை போடுவாள், அழுவாள், வீட்டில் வந்து சொல்ல மாட்டாள். பெரிய வகுப்புக்கு வந்தபோது மனதில் ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். ஒரு வீடு கட்ட வேண்டும், அம்மாவை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். சொன்னபடியே செய்தாள். ஆசிரியை வேலை கிடைத்தது, மின்வாரியத்தில் இருக்கிற ஜாஸ்பரைக் கட்டினாள், மகாராஜ நகரில் வீடு கட்டினாள். வீட்டுப் படத்தில் முதலில் போட்ட அறை அம்மாவுடையது. பீரோ நுழையும் அளவுக்கு வாசல் வைத்தாள்.

இன்பமணிக்கு முட்டி இரண்டும் தேய்ந்து, நிற்க முடியாமல் ஆனபோது கமிட்டியார் பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்தார்கள். எப்சி காரோடு வந்தாள். டெம்போவில் பீரோ முன்னே போக, அம்மாவும் மகளும் பின்னே போனார்கள். எப்சி வழிநெடுக வாயெல்லாம் பல்லாக இருந்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிட சந்தோஷமான நாள் இருந்திருக்காது.

அந்த வீட்டில் இன்பமணிக்கு ஒரு குறையும் இல்லை. இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் வேறு மாதிரி பேசும். ஜாஸ்பர் தங்கமான பையன். ஆபீசிலிருந்து வரும்போது மாமியாருக்கு உளுந்தவடை வாங்கி வருவான். ஆனால் காலையில் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிப் போனால் பொழுது சாயும்வரை அந்த வீட்டில் இன்பமணியும் சுவர்க்கேமராவும்தான். பேரப்பிள்ளைகள் இரண்டும் சென்னையில் படிக்கப் போய்விட்டன. எப்சி ஸ்டாப் ரூமிலிருந்து போனில் பார்த்துவிட்டு உடனே கூப்பிடுவாள், ஏம்மா, எதுக்கு ஸ்டூல் மேல ஏறுத என்பாள். இன்பமணி நாளடைவில் கேமராவிடமே பேசத் தொடங்கினாள். குழம்புக்குத் தேங்காய் அரைக்கட்டுமா என்று அதனிடம் கேட்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனை உட்காரவைத்து அவன் பாட்டன் பூட்டன் கதையெல்லாம் கேட்பாள். அவனும் பிறகு சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டு ஓடத் தொடங்கினான்.

ஒருநாள் அவள் கேமராவுக்கு எட்டாத மூலையில் நாற்காலி போட்டுத் தூங்கிவிட்டாள். கண் விழித்தால், எதிரே எப்சி ஒரு பக்கமும் ஜாஸ்பர் ஒரு பக்கமும் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்கள், ஆளுக்கு அரைநாள் லீவு. எப்சியின் விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. அதைப் பார்த்ததும் இன்பமணிக்கு ஒன்று தெளிவாயிற்று. இந்தப் பிள்ளை தன்னால் நிம்மதியாகப் பாடம் நடத்தவில்லை. தனக்கும் பேச ஆளில்லாமல் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வாரமே ஒரு துணிப்பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு, ஏலிம் வரைக்கும் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது கிருபைராஜ் பேப்பர் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். துணிப்பையைப் பார்த்தார்.

"பத்து நாளைக்கா, வார்டனம்மா?"

"பத்து நாளைக்குத்தான், அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. பையை வாங்கி சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பைய நடந்து வாங்க என்று முன்னால் நடந்தார். உள்ளே அத்தனை பேரும் சேர்ந்து சிரித்தது தெருவரைக்கும் கேட்டது. புதிய வார்டன் டெபோரா சின்னப்பெண், அவளுக்கு விஷயம் புரியவில்லை. ஷரீபா பீவி தன் அறையில் காலியாக இருந்த கட்டிலுக்கு ஏற்கெனவே விரிப்பு போட்டு வைத்திருந்தாள்.

பத்து நாள் முடிந்ததும் திரும்பி வரப்போவதில்லை என்ற உண்மையை இன்பமணி மகளுக்குச் சொன்னாள். எப்சி வந்து நின்ற கோலத்தை இல்லத்தார் மறக்க மாட்டார்கள். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கிழவிமார் வீட்டுப் பிள்ளன்னு எல்லாரும் என்னைய கேலி பண்ணினாங்கம்மா. உன்னைய இங்கன இருந்து கூட்டிட்டுப் போகத்தான் அந்த வீட்டக் கட்டினேன். இப்ப நீ திரும்ப இங்கன வந்து இருந்தா, எப்சி அவ அம்மாளக் கொண்டு தள்ளிட்டான்னுதான சொல்லுவாங்க?"

எப்சி போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள். பீரோவை அனுப்ப மாட்டேன், அது எங்கள் வீட்டில்தான் நிற்கும், அது நிற்கிறவரை நீ அந்த வீட்டு ஆள்தான். பெட்டி படுக்கையின் பாஷையை மகளும் கற்று வைத்திருக்கிறாள் என்று இன்பமணி நினைக்கவில்லை.

அப்புறம் எப்சி ஞாயிறுதோறும் தவறாமல் வந்தாள். மீன்குழம்பு கொண்டுவருவாள். ஆனால் அம்மாவின் அறைக்குள் நுழைய மாட்டாள், ஆபீஸ் அறையில்தான் உட்காருவாள். சபையில் கேட்டவர்களிடம், அம்மாவை அங்கிருந்து விடமாட்டேங்கிறார்கள், புது வார்டனுக்கு வேலை பழக்கிக் கொடுக்கிறாள் என்று சொல்லி வைத்தாள். ஊர் நம்பியது. இன்பமணியும் கோயிலில் யாராவது, இன்னுமா வேலை பாக்கீங்க என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். மற்றவர்கள் பொய்யை உடைக்காமல் வைத்திருந்தவளுக்குத் தன் பொய்யைக் காப்பாற்றுவதா கஷ்டம்? கஷ்டமாகத்தான் இருந்தது. மகள் தன் அறைக்குள் வந்து ஒரு தடவை அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று அவள் மனம் கிடந்து தவித்தது.

மழை ஓய்ந்து, ஆற்றில் தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்த டிசம்பரில் எப்சி ஒரு சங்கடத்தோடு வந்தாள். அந்த வருஷம் அவள்தான் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். கிறிஸ்துமஸ் சந்திப்புக்கு எங்கே போவது என்று பேசியபோது எல்லோரும் ஏலிம் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு நீ வரிசையில் உட்காராதே, நல்ல சேலை கட்டிக்கொண்டு டெபோராவுக்குப் பக்கத்தில் நில், அது போதும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். கேட்கும்போது அவள் கண் தரையைப் பார்த்தது. சரிட்டி, நிக்கேன் என்றாள் இன்பமணி.

இதைக் கேள்விப்பட்ட ஷரீபா பீவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னைய என்ன சொல்லி வெளிய கொண்டாந்த? உக்காருததுல ஒரு குறைச்சலும் இல்லன்னு சொன்னியே, அது எங்களுக்கு மட்டுந்தானா?"

"எனக்குக் குறைச்சல் இல்ல பீவி. எம் பிள்ளைக்குக் குறைச்சலா இருக்கு. அவளா இறங்கி வரட்டும்."

ஷரீபா பீவி தைலப்புட்டியை எடுத்து அவள் முட்டியில் தேய்த்துவிட்டாள்.

வேன் வந்தது. பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்கள் சங்கம் இறங்கியது. ஹாலில் நாற்காலி வரிசையில் ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது. அது கொஞ்சம் உயரமான நாற்காலி. இன்பமணி உட்கார்ந்து எழ முட்டி வலிக்கிறது என்று கிருபைராஜ் அதன் நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்திருந்தார். காலியாக இருக்கிறதே என்று சங்கத்துப் பெண்கள் பரிசுப் பைகளை அதன்மேல் அடுக்கி வைத்தார்கள்.

இன்பமணி நீலப் பட்டு உடுத்தி, டெபோராவுக்குப் பக்கத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்து, இந்த வயதிலும் ஊழியம் செய்கிறீர்களே, நீங்கள் எங்களுக்கு ஒரு முன்மாதிரியான சாட்சி என்று புகழ்ந்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். பாட்டுகள் தொடங்கின. ஒரு பாட்டுக்கு நாலு சரணம் என்றால் நாலையும் பாடுகிற சபை அது. பிறகு ஒரு சிறு நாடகம், ஒரு அனுபவ சாட்சி, ஒரு தேவசெய்தி. கடைசியில் ஐயருடைய மனைவி, ஐயரம்மா, ஜெபம் பண்ண எழுந்தாள். ஐயரம்மா ஜெபம் ஊரறிந்தது. உலக சமாதானத்தில் தொடங்கி, நாடு, மாநிலம், மழை, விளைச்சல், படிக்கிற பிள்ளைகள் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்றுதான் வரும்.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். எப்சி மட்டும் திறந்து பார்த்தாள். அம்மா வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினாள். கொஞ்சம் கழித்து இடதிலிருந்து வலதுக்கு. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உதடு மட்டும் ஆமென் என்று முணுமுணுத்துக்கொண்டு, கண்ணை மூடி, சிரித்த முகமாகவே நின்றாள். உட்கார வேண்டிய நாற்காலி பத்தடிக்குள் சோப்பையும் மக்கையும் சுமந்துகொண்டு நின்றது. ஜெபம் முடிகிறவரை எப்சி கண்ணை மூடவில்லை.

பைகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். சங்கத்தார் ஆளுக்கொன்றாகக் கொடுக்க, போட்டோ எடுக்க, கிருபைராஜ் மக்கை உயர்த்திக் காட்டி, கீரைக்கு ஆச்சு என்றார். எல்லோருக்கும் கொடுத்த பிறகு உயர நாற்காலியில் ஒரு பை மிச்சம் இருந்தது. டெபோரா இல்லத்தார் எண்ணிக்கையைச் சரியாகத்தான் சொல்லியிருந்தாள், அதுதான் விஷயம். ஒண்ணு கூடிப்போச்சே, திருப்பி எடுத்துட்டுப் போவோமா என்றாள் ஒருத்தி.

"கூடல," என்றாள் எப்சி. "அது எங்கம்மாவுக்கு. அம்மா இங்கன வேலை பாக்கல. இங்கனதான் இருக்கா. அவளுக்குப் பிடிச்சுத்தான் இருக்கா. நான்தான் வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அவள நிக்க வச்சிட்டேன்."

பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவுக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காரும்மா. முட்டி என்னத்துக்கு ஆகும்."

இன்பமணி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த இல்லத்தில் இத்தனை வருஷத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று ஷரீபா பீவி சத்தமாகச் சொன்னாள், பெண்கள் சங்கத்தில் சிலர் பழக்கத்தில் ஆமென் என்றார்கள். அதற்கு எல்லோரும் சிரித்ததில் ஹாலில் இருந்த இறுக்கம் போயிற்று.

எப்சி பயந்த மாதிரி யாரும் தூற்றவில்லை. இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், அது அவர்கள் இஷ்டம். மற்றவர்கள் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவராக இன்பமணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்கள். ஐயரம்மாதான் முதலில் வந்தாள். ஊர் ஊராக மாற்றலாகி, சபை கொடுத்த வீடுகளிலேயே காலம் போனவர்கள் அவர்கள். ஐயருக்கு ரிட்டயர்மென்ட் வரப்போகிறது, எங்களுக்கென்று ஒரு வீடு இல்லை, ரெண்டு பேருக்கும் சேர்த்து இங்கே ஒரு அறை கிடைக்குமா, இப்போது இல்லை, பிறகு, என்று மெல்லக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் லீவு விட்ட அன்று காலையில் வாசலில் டெம்போ சத்தம் கேட்டது. இன்பமணி வராந்தாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல வருகிற ஆளைப் பார்க்காமல் என்ன இறங்குகிறது என்று பார்த்தாள். ஜாஸ்பரும் டிரைவரும் மூச்சு வாங்க இறக்கிக்கொண்டிருந்தது தேக்கு பீரோ. பைய, பைய, கண்ணாடி என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள் எப்சி. கீரை மடியிலிருந்து சரிந்ததுகூட இன்பமணிக்குத் தெரியவில்லை.

பீரோ அறைக்குள் நுழையவில்லை. அதன் சுபாவம் அது. கிருபைராஜ் ஸ்க்ரூடிரைவரோடு வந்து கதவைக் கழற்றினார். உள்ளே தள்ளி, சுவரோரமாக நிறுத்தி, கதவை மாட்டி முடித்தபோது எப்சி அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு துணிப்பை இருந்தது.

"இது என்னட்டி?"

"ரெண்டு சேலை. வீட்டுக்கு வெள்ளையடிக்கோம்மா. டெபோராகிட்ட கேட்டுட்டேன், கெஸ்ட் ரூம் காலியாத்தான் இருக்காம்." எப்சி அம்மா முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பத்து நாளைக்குத்தான்."

ஜாஸ்பர் வாசலில் நின்று சிரித்தான். வெள்ளையடிக்கிற விஷயம் அவனுக்கு அப்போதுதான் தெரியும்போல. யாருடைய பத்து நாளையும் இன்பமணி உடைத்ததில்லை. வராந்தாவுக்குப் போய்ச் சிந்திய கீரையைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து மகள் மடியில் போட்டாள்.

"இத ஆஞ்சு குடு, மக்கா. ஆள் பத்தல."